பாவித்த பொரிப்பெண்ணெயிலிருந்து பயோடீசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்முனை): எங்கள் உணவகத்தில் மிஞ்சும் பொரித்த எண்ணெயை நன்றாக வடித்து, டீசலுடன் கலந்து மின்பிறப்பாக்கிக்கு ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்ற வேண்டாம். எத்தனை தடவை வடித்தாலும் எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடிப்பானது என்பதால், இன்ஜெக்டர் அதை நுண்துளிகளாகச் சிதறடிக்க இயலாமல், எரியாத பகுதி பிஸ்டன் வளையங்களில் கரியாகப் படிந்து, என்ஜின் ஒயிலையும் நாளடைவில் கெடுத்துவிடும். தொடக்கத்தில் இயந்திரம் சீராக ஓடுவதுதான் பலரை ஏமாற்றுகிறது. மெதனோலையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து 55 முதல் 60 பாகை வரையான சூட்டில் வினைபுரியச் செய்து, அடியில் இறங்கும் கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் போக்கிய பின்னரே அது பயோடீசல் ஆகிறது. இதனைச் சமையலறையில் செய்து பார்க்காதீர்கள். மெதனோல் கண்பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு, அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது.

கேள்வி (வாழைச்சேனை): எங்கள் ஐஸ் தொழிற்சாலைக்கு ஒருவர் பயோடீசல் தர முன்வந்துள்ளார். தரத்தை எப்படி அறிவது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், பொன்னிறமாக, தெளிவாக இருப்பதிலும் வினைபுரியாத எண்ணெய் கலந்திருக்கலாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் 27 மில்லிலீற்றர் மெதனோலுடன் 3 மில்லிலீற்றர் பயோடீசலை விட்டு, நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். முழுவதும் கரைந்தால் நல்லது. அடியில் எண்ணெய்த் துளிகள் திரண்டால் வினை நிறைவுறவில்லை. அடுத்து, இன்னொரு குப்பியில் பயோடீசலையும் தண்ணீரையும் சம அளவில் விட்டுக் குலுக்குங்கள். அரைமணி நேரத்துக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். இடையில் பால்போல் வெண்மையான படை நின்றால், காஸ்டிக் சோடாவால் வினையின்போது உண்டான சவர்க்காரம் எஞ்சியிருக்கிறது. இவ்விரண்டிலும் தேறாத சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திருப்பி அனுப்புங்கள், ஏனெனில் ஓர் இன்ஜெக்டர் பம்பை மாற்றும் செலவில் அந்த இலாபம் கரைந்துவிடும். இவை தொடக்கச் சோதனைகள் மட்டுமே. பெருந்தொகையாக வாங்குவதாயின் ஆய்வுகூட அறிக்கையும் கேளுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): நெல் ஆலையின் பழைய மின்பிறப்பாக்கிக்கு 20 வீதம் கலந்தோம். சில நாட்களில் பில்டர் அடைத்துவிட்டது. பயோடீசல் கெட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். தாங்கியில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த டீசல் கசடைக் கிளப்பி பில்டரில் கொண்டு சேர்த்திருக்கும். தாங்கியைக் கழுவி, பில்டரை மாற்றி, 5 வீதத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். பழைய இயந்திரத்தின் இறப்பர்க் குழாய்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஊதியோ பிசுபிசுத்தோ இருந்தால், பயோடீசலைத் தாங்கும் செயற்கை இறப்பரான வைற்றன் குழாய்க்கு மாறுங்கள்.

கேள்வி (பாசிக்குடா): எரிபொருள் செலவு கூடுமா?

பதில்: தூய பயோடீசலில் லீற்றருக்கு 8 வீதமளவில் சக்தி குறைவு. 20 வீதக் கலவையில் அந்த வேறுபாடு அநேகமாகத் தெரியாது.

கேள்வி (மட்டக்களப்பு): மின்தடைக்கு மட்டும் இயங்கும் எங்கள் மருத்துவ நிலைய மின்பிறப்பாக்கிக்கு இது உகந்ததா?

பதில்: உகந்ததன்று. பயோடீசல் காற்றுப்பட்டால் நாட்செல்லக் கெடும், ஈரத்தையும் உறிஞ்சும். மாரிகாலத்தில் வாவியோரக் காற்றின் ஈரப்பதனில் பாதி நிரம்பிய தாங்கியின் உட்சுவரில் நீர் வியர்த்து, அதில் நுண்ணுயிர்கள் வளரும். நாள்தோறும் ஓடும் இயந்திரங்களே இதற்கு ஏற்றவை. உயிர்காக்கும் இயந்திரத்தின் தாங்கியில் டீசலையே நிரப்பி, மாதந்தோறும் அடித்திருகைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுங்கள்.