கடல் பார்த்த அறையா, காலையில் சூடாக இட்லியா?

கேள்வி: பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும், ஜனவரி கடைசியில் பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை கடலோரமாகவே காரில் போக எண்ணியிருக்கிறோம். நான், கணவர், முழங்கால் வலியுள்ள 76 வயது மாமியார், பறவைப் பைத்தியமான கல்லூரி மகள். ஐந்து இரவு, ஐந்து ஊர், எல்லா இடத்திலும் கடல் பார்த்த அறை என்பது ஆசை. எங்கெங்கே தங்கலாம்?
– ஈரோடு வாசகி

பதில்: உங்கள் ஆசையில் பாதியை முதலிலேயே கலைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போகும் மாதத்தில் அந்தக் கரையில் வாடைக்காற்று வீசும். கடல் பார்த்த ஜன்னல் என்றால் காற்று நேரே மாமியாரின் முழங்காலுக்குத்தான் வரும். ஜன்னலைச் சாத்திவிடுவீர்கள். சாத்திய கண்ணாடியிலோ உப்பு ஈரம் படிந்து, மோர் தெளித்ததுபோல் மங்கிக் கிடக்கும். இரவில் கடல் தெரியவும் தெரியாது. இருட்டில் ஒன்றிரண்டு படகு விளக்கு தெரிந்தால் உண்டு. அலைச் சத்தம் இரண்டு தெரு தள்ளிப் படுத்தாலும் கேட்கத்தான் செய்கிறது.

பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதே கரையில் ஒரு விடுதியில், முதல் வரிசை அறை என்று கூடுதலாகக் கொடுத்துத் தங்கினேன். சூரிய உதயம் பார்க்க எழுந்தால் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை. அறைப் பையன் தேங்காய் எண்ணெயும் சுத்தியலுமாக வந்து திறந்துவிட்டபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

பூம்புகாரிலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். இதற்குள் ஐந்து முறை பெட்டி கட்டினால், மாமியாரின் மாத்திரை டப்பாவைத் தேடுவதிலேயே பாதிப் பயணம் போய்விடும். தரங்கம்பாடியில் இரண்டு இரவு, வேளாங்கண்ணியில் இரண்டு இரவு, கடைசியாகக் கோடியக்கரைப் பக்கம் ஓர் இரவு. மூன்று இடம் போதும்.

கடல் பார்த்த அறை ஒன்றாவது வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால் அதைத் தரங்கம்பாடியில் வைத்துக்கொள்ளுங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1845-இல் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊரும் கடலை ஒட்டியே இருக்கின்றன. கோட்டைக்குப் பக்கத்தில் பழைய பங்களா ஒன்றைப் பாரம்பரிய விடுதியாக்கியிருக்கிறார்கள். வாடகை கூடுதல்தான். பழைய கட்டடங்களில் படிகள் உயரமாக இருக்கும் என்பதால் தரைத்தள அறை என்று முன்பே பேசிவிடுங்கள். மாசிலாமணி நாதர் கோயில் நடக்கிற தூரம். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. பூம்புகாரில் தங்க நல்ல இடங்கள் குறைவு. பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

தரங்கம்பாடியில் அறை கிடைக்காவிட்டால் எல்லோரும் சொல்லும் ஊர் திருக்கடையூர். பக்கம்தான், விடுதிகளும் நிறைய. ஆனால் அந்த ஊரின் நாடித்துடிப்பு வேறு. அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும்தான் அங்கே தொழில். தை பிறந்தால்தானே கல்யாணக் கூட்டம் என்று கணக்குப் போடாதீர்கள். இவை பிறந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்துச் செய்பவை, மார்கழியிலும் உண்டு. ஒரு குடும்பம் வந்தால் ஒரு மாடி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். விடிகாலை நாலரை மணிக்கு வராந்தாவில் பட்டுப்புடவைகள் சரசரக்கும், யாரோ ஒரு மாமா “மாலை எங்கே, மாலை எங்கே” என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுவார், நாதஸ்வரம் ஆரம்பித்துவிடும். மாமியாருக்கு அது பிடித்துப்போகலாம். உங்கள் மகளுக்குத்தான் தூக்கம் போகும். அபிராமியை ஒரு சாயங்காலம் போய்ச் சேவித்துவிட்டு வந்தாலே போதும் என்பது என் எண்ணம்.

அங்கிருந்து தெற்கே காரைக்கால். அறைகள் கிடைக்கும், ஆனால் சனிக்கிழமை என்றால் பக்கத்துத் திருநள்ளாற்றுக் கூட்டம் அங்கேயும் வழியும். மதியச் சாப்பாட்டோடு நகர்ந்துவிடலாம். நாகூரில் தர்காவைப் பார்த்துவிட்டுப் போங்கள். கந்தூரி விழா பிறைக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகரும். அந்த நாட்களில் நீங்கள் மாட்டிக்கொண்டால் நாகப்பட்டினம் வரை அறை கிடைப்பது கஷ்டம். தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணியை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். சுற்றுலாக்காரர்கள் மூக்கைச் சுளிக்கும் ஊர் அது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் நானும் அந்தப் பக்கம் போக மாட்டேன். ஆனால் யாத்திரை ஊருக்கு உள்ள நன்மையே, வயதானவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதுதான். விடிகாலையில் வெந்நீர், சூடான இட்லி, மருந்துக்கடை, இரவில் ஆட்டோ, எதற்கும் தவிக்க வேண்டாம். ஜனவரியின் வார நாட்களில் வாடகையைப் பேசிக் குறைக்கவும் முடியும். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். வண்டியை நிறுத்துவதற்குள் “ரூம் வேணுமா சார்” என்று ஓடிவருபவர்களிடம் தலையாட்டாமல், நீங்களே படியேறிப் பார்த்து எடுங்கள்.

படியேறியதும் கட்டிலைப் பார்க்காதீர்கள், குளியலறைக் குழாயைப் பாருங்கள். குழாயின் வாயிலும் பக்கெட்டின் விளிம்பிலும் வெள்ளையாகக் கெட்டிப் படிவம் இருந்தால் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, முடி சிக்காகிவிடும். கடலோரத்தில் பல ஊர்களில் இதுதான் நிலைமை. லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பும் விடுதிகளும் இருக்கின்றன. போனில் “தண்ணீர் எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருக்கும்” என்பார்கள். “குளிக்கிறது போரா, லாரியா?” என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

கடைசி இரவுதான் உங்கள் மகளுக்கு. கோடியக்கரை சரணாலயத்தில் பூநாரையும் உள்ளான்களும் வந்து இறங்கியிருக்கும் காலம் அது. காட்டில் வெளிமான்களும், காட்டோடு காடாகிவிட்ட குதிரைகளும் உண்டு. வனத்துறையின் தங்கும் விடுதி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். சொகுசை எதிர்பார்க்காதீர்கள். சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், ஜன்னலைத் திறந்துவைத்தால் வாழைப்பழம் குரங்குக்கு. மாமியாருக்கு இது சரிப்படாது என்று தோன்றினால் வேதாரண்யத்தில் கோயில் பக்கம் அறை எடுங்கள். அங்கிருந்து சரணாலயம் 11 கிலோமீட்டர்தான். வழியில் உப்பளங்கள், 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண்.

ஒரே ஓர் எச்சரிக்கை, தை அமாவாசை. வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடல் நீராட வண்டி வண்டியாக ஜனம் வரும். காலண்டரைப் பார்த்து அதற்கு இரண்டு நாள் முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்ளுங்கள். பறவை பார்க்க விடிவதற்குள் கிளம்ப வேண்டும். மாமியாரை எழுப்ப வேண்டாம். உங்கள் கணவரும் மகளும் போகட்டும். அவர்கள் திரும்பி வருவதற்குள் நீங்கள் இருவரும் வேதாரண்யேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, காப்பியும் குடித்திருக்கலாம்.