தினமும் ஒருவருக்கு நன்றி: வீட்டில் சிரிக்கிறார்கள், வேலையிடத்தில் சந்தேகப்படுகிறார்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 41. தினமும் ஒருவருக்காவது நன்றி சொல்வது என்று முடிவெடுத்தேன். காபி கொடுத்த மனைவியிடம் "தேங்க்ஸ்" என்றால், "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சிரிக்கிறாள். டெய்லர்களிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடப் போகிறேன் என்று நினைக்கிறார்கள். சீக்கிரமே விட்டுவிட்டேன். இதைப் பழக்கமாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. மனைவியின் சிரிப்பை முதலில் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் நன்றி சொல்லாதது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. உலகின் பல பகுதிகளில் 8 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த முடிவுகள் 2018-இல் வெளியாயின. கேட்ட உதவி கிடைத்ததும் வாய்விட்டு நன்றி சொன்னது நூற்றில் ஐந்தாறு தடவைதான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் சற்றுக் கூடுதலாகச் சொன்னார்கள். அவர்களும் பெரும்பாலும் சொல்லவில்லை. நெருங்கியவர்கள் செய்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. அங்கே திடீரென்று "தேங்க்ஸ்" விழுந்தால், விருந்தாளி பேசுவதுபோல்தான் இருக்கும்.

அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அவர் செய்ததைச் சொல்லுங்கள். "நேத்து நான் லேட்டா வந்தும் முழிச்சிருந்து தோசை ஊத்திக் குடுத்தியே, உனக்கும் காலையில வேலை இருந்துச்சு." இவ்வளவு போதும். தம்பதிகளின் பேச்சை ஆராய்ந்த சாரா ஆல்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் இதை ஒட்டிய ஒன்றைக் கண்டார்கள். தனக்குக் கிடைத்த பலனை விவரிப்பதைவிட, செய்தவரின் குணத்தையும் முயற்சியையும் குறிப்பிடுவதே கேட்பவரின் மனதைத் தொட்டது. இன்னொன்று: குடித்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவரின் பாராட்டு எந்த வீட்டிலும் எடுபடாது.

கம்பெனி விஷயத்தில், அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. மேலே இருப்பவரின் இனிய பேச்சு ஷிப்மெண்ட் நெருங்கும்போதுதான் வரும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். ஒருவரைப் பாராட்டும் நாளில் அவரிடம் கூடுதலாக எதுவும் கேட்காதீர்கள். இதில் விலக்கே வேண்டாம். "எல்லாரும் நல்லா பண்ணீங்க" என்று பொதுவாகவும் சொல்லாதீர்கள். "அக்கா, ஓவர்லாக்கில நூல் அறுந்துட்டே இருந்ததும் நீங்களே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்க. இல்லேன்னா அத்தனை பீஸும் வீணாப் போயிருக்கும்" என்று அவர் மெஷின் பக்கத்திலேயே போய்ச் சொல்லுங்கள். லைன் முழுக்கக் கேட்கும்படி புகழ்ந்தால் பலர் கூசுவார்கள், பக்கத்து டெய்லர் முகம் சுளிப்பார். மேனேஜர் கேட்கும்போது அந்த அக்காவின் பெயரைச் சொல்லுங்கள். வாய் வார்த்தையைவிட அது பெரிய நன்றி என்பேன்.

சரி, தினமும் என்பது? கவனிப்பதைத் தினமும் வைத்துக்கொள்ளுங்கள், சொல்வதை அல்ல. தமக்குக் கிடைத்த நன்மைகளை மாணவர்களை எழுதவைத்த ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அது எழுதுவது பற்றியது, இருந்தாலும் சடங்காகிவிட்டால் சலிக்கும் என்பது இங்கும் பொருந்தும். காலை டீ இடைவேளை போல ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு இதைக் கோத்துவிடுங்கள்: டீ டம்ளரை வாங்கியதும், நேற்று யார் என் வேலையை எளிதாக்கினார்கள் என்று யோசியுங்கள். யாராவது நினைவுக்கு வந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். வரவில்லையா, டீயைக் குடியுங்கள். லண்டனில் நடந்த 2010 ஆய்வின்படி ஒரு பழக்கம் தானாக நடக்கப் பாதிப் பேருக்கு 66 நாளோ அதற்கு மேலோ ஆகிறது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபடும். இடையில் ஒருநாள் விட்டுப்போனால் கெட்டுவிடாது.

அப்புறம், உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்று யாராவது இருப்பார். அவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் ஆராய்ந்தபோது, நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவே பயந்திருந்தார்கள். பெற்றவர்களோ அவர்கள் நினைத்ததைவிட அதிகம் மகிழ்ந்திருந்தார்கள். கடிதம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் உங்கள் குரலில் இரண்டு நிமிடம் பேசி அனுப்புங்கள். குட் மார்னிங் படத்தோடு மட்டும் சேர்த்து அனுப்பாதீர்கள்.