வாசகர் கேள்வி: வளையல் வாங்குவது தவறா?

கேள்வி: ஐயா, கூட்டுப் (சீட்டு) பணம் கைக்கு வந்ததும் 3 பவுனில் வளையல் வாங்க எண்ணியிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் செம்பனைக் குலை விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறார். பேருந்துக் கட்டணம் இல்லாமல் அவர் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. வளையல் வாங்க மனம் உறுத்துகிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற உடை பாழாவதைப் பொருட்படுத்தாத நாம், ஆடம்பரத்துக்குச் செலவிடும் பணத்தைப் பசித்தவருக்குக் கொடுக்காதிருப்பது எப்படி நியாயமாகும் என்று 1972இல் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் கேட்டார். அந்தக் கணக்கை முழுதாக ஏற்றால் உங்கள் வளையலுக்கு மட்டுமன்றி, என் மாலை நேரத்துத் தே தாரேக் தேநீருக்கும் இடமிராது. அவ்வளவு தூரம் உங்களை இழுக்க எனக்கு மனமில்லை. தோட்டக் குடும்பங்களில் நகை என்பது அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போகும் சேமிப்பும் அல்லவா? ஆயினும், 1960இல் உங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் தலைவருமான துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, 10 வெள்ளி 10 வெள்ளியாகக் கொடுத்த தொழிலாளர்களில் எவரும் மிச்சத்திலிருந்து கொடுக்கவில்லை. 2 பவுனோடு நிறுத்திக்கொண்டு, பேருந்துக் கட்டணத்தை ஓட்டுநரிடமே கட்டிவிடுங்கள். வேலையில் அடிபட்ட சந்தாதாரருக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவித்தொகை உண்டு. அவர் விண்ணப்பித்தாரா என்று இன்றே விசாரித்து, இல்லையெனில் படிவத்தை நிரப்பக் கூட இருங்கள்.