சைபீரியன் பூனை: கேளுங்கள், சொல்கிறேன்

போன இதழில் எங்கள் வீட்டுச் சைபீரியன் பூனைகளின் படம் வந்ததிலிருந்து கடிதங்கள் நிறைய வருகின்றன. பாதிக்கு மேல் "குட்டி இருக்கிறதா, என்ன விலை?" என்ற கேள்விதான். இந்த வருடம் எங்களிடம் குட்டி இல்லை. மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

என் மகனுக்குப் பூனைக்குக் கிட்டப் போனாலே தும்மலும் கண் எரிவும். சைபீரியன் பூனையால் ஒவ்வாமை வராது என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தோம். நம்பி வாங்கலாமா அக்கா?
– வாசகி, பிரம்டன்

விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள் தங்கச்சி. ஒவ்வாமைக்குக் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிற ஃபெல் டி 1 என்ற புரதம்தான் காரணம். பூனை தன்னை நக்க நக்க அது முடியில் ஒட்டிக் காய்ந்து, தூசோடு வீடு முழுக்கப் பரவும். சில சைபீரியன்களிடம் இந்தப் புரதம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். அறவே சுரக்காத சைபீரியன் என்று ஒன்று கிடையாது. நலமடிக்காத, அதாவது கருத்தடை ஒப்பரேஷன் செய்யாத, கடுவனிடம் கூடுதலாக இருக்கும், நலமடித்தபின் குறையும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வாமை உள்ள பிள்ளை குடும்பத்தோடு வந்து, வளர்ந்த பூனைகள் இருக்கிற அறையில் ஒரு மணித்தியாலம் நிலத்தில் இருந்து விளையாட வேண்டும். ஒரு கிழமை கழித்து மறுபடியும் வர வேண்டும். குட்டியை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விடமாட்டேன். குட்டியிடம் புரதம் குறைவாக இருந்து, வளர்ந்த பிறகு கூடிவிடலாம். ஒரு முறை ஒரு பெடியன் முதல் நாள் சிரித்துக்கொண்டே போனான். இரண்டாம் முறை நாற்பதாவது நிமிடத்தில் அவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. பெயர்கூட வைத்துவிட்டிருந்தார்கள். தாய் அழுதார், நானும் அழுதேன், குட்டியைக் கொடுக்கவில்லை. உங்கள் மகனுக்கு ஆஸ்துமா இருந்தால் முதலில் அவனுடைய டொக்டரிடம் கதையுங்கள்.

என் பூனையின் நாலு பாதமும் வெள்ளை. போட்டியில் கழித்துவிடுவார்களா?
– வாசகர், அஜாக்ஸ்

இல்லை. சைபீரியனில் வெள்ளை எவ்வளவு இருந்தாலும், எங்கே இருந்தாலும் குற்றமில்லை.

நீலக் கண்ணும் கறுத்த முகமும் உள்ளது அசல் சைபீரியன் இல்லை, சியாமிஸ் கலப்பு என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், மொன்றியல்

அந்தப் பூனைக்குப் பெயர் நெவா மாஸ்கரேட். சென்ட் பீட்டர்ஸ்பேர்க் நகரத்து நெவா ஆற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த நகரம் லெனின்கிராட் என்று இருந்த காலத்தில், 1980-களின் கடைசியில், அங்கிருந்த பூனை ஆர்வலர்கள்தான் சைபீரியன் எப்படி இருக்க வேண்டும் என்று முதல் இலக்கணம் எழுதினார்கள். அமெரிக்காவுக்கு முதல் சைபீரியன்கள் வந்தது 1990-இல். நாங்கள் காட்சிக்குப் போகிற டிக்கா எனப்படும் சர்வதேசப் பூனைச் சங்கத்தில் நெவாவும் சைபீரியனும் ஒரே இனம். ஐரோப்பாவில் ஃபிஃபே கூட்டமைப்பு 2011-இலிருந்து நெவாவைத் தனி இனமாக வைத்திருக்கிறது. அந்த நிறம் எப்படி வந்தது என்று வளர்ப்பாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. நீலக் கண்ணுக்காகவே சொந்தத்துக்குள் சொந்தம் சேர்த்துக் குட்டி எடுக்கிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

எங்கள் பெட்டைக்கு ஒன்பது மாதம். நலமடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு தரமாவது குட்டி போட்டால்தான் அதற்கு நல்லது என்று அம்மா சொல்கிறா. ஒரே ஒரு தரம் விடலாமா? கொடுத்த காசும் திரும்பி வரும்.
– வாசகி, ஸ்காபரோ

அம்மாவின் சொல் ஊரில் நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த சொல்தான், ஆனால் அதில் உண்மை இல்லை. முலைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, கெதியாக நலமடித்த பெட்டைக்குத்தான் பெரிதாகக் குறைகிறது. குட்டி போட்டால் அந்தப் பாதுகாப்பு வராது.

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். கடுவனோடு சேர்க்குமுன் பெட்டைக்கு இதய ஸ்கான், சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கும் இரத்தச்சோகை தருகிற பைருவேட் கைனேஸ் குறைபாட்டுக்கும் மரபணுப் பரிசோதனை, பூனை எய்ட்ஸ், பூனை லுகேமியா இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை, அதற்குமேல் இரத்தப் பிரிவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சைபீரியனில் பி பிரிவுப் பூனைகளும் உண்டு. தாய் பி, கடுவன் ஏ என்றால், ஏ பிரிவுக் குட்டிகள் தாயின் சீம்பாலைக் குடித்தே சாகலாம். பிறக்கும்போது நன்றாக இருந்த குட்டிகள் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து போய்விடும். ஏன் என்று விளங்காமல் தாய்மேல் பழி போடுவார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் நாள் முழுக்க அந்தக் குட்டிகளைத் தாயிடம் விடாமல், புட்டிப்பாலில் காப்பாற்றலாம்.

சூல் ஏறக்குறைய 65 நாள். இரவு இரண்டு மணிக்குக் குட்டி குறுக்கே நின்றுவிட்டால் அவசர ஒப்பரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். பிறகு இரண்டு தடுப்பூசி முடியும்வரை ஐந்து வாய்க்குச் சாப்பாடு. எங்கள் வீட்டில் 14 கிழமைக்கு முன் ஒரு குட்டியும் வாசல் தாண்டாது. இதெல்லாம் செய்தால் கையில் காசு மிஞ்சாது. காசு மிஞ்சுகிறது என்றால் இதில் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டபடி செய்யுங்கள் பிள்ளை. இந்த மாதமே நாள் குறியுங்கள்.

குட்டியின் தகப்பன் கிராண்ட் சாம்பியன், வீடு நிறைய ரிபன். இதற்குமேல் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், மிசிசாகா

இந்தக் கேள்விக்கு என் சொந்தத் தவறைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

மிஷா என்று ஒரு கடுவன் எங்களிடம் இருந்தான். மண்ணிறத்தில் புலிவரி, ஏழரைக் கிலோ, பீப்பாய் போல் உடம்பு, கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி. நடுவர்கள் அவனைத் தூக்கும்போதே சிரிப்பார்கள். ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இதயத்தை ஸ்கான் செய்தோம், இரண்டும் சுத்தம். மூன்றாம் வருடம் காட்சிகளுக்கு ஓடிக்கொண்டிருந்ததில் ஸ்கானைத் தள்ளிப்போட்டேன். ரிபன் வந்துகொண்டிருக்க எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. அந்த இடைவெளியில் அவனுக்கு இரண்டு ஈறு, ஒன்பது குட்டிகள்.

நாலு வயதில் கொண்டுபோனபோது இதயச் சுவர் 6.4 மில்லிமீட்டர். ஐந்துக்குள் இருக்க வேண்டும், ஆறைத் தாண்டினால் நோய். தசை தடித்து இதயம் விரிய இடமில்லாமல் போகிற வியாதி, பரம்பரையாக இறங்கும். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை, சாப்பாடு குறையவில்லை, குழாய் வைத்துக் கேட்ட மிருக வைத்தியருக்கு ஒரு முரல் சத்தமும் கேட்கவில்லை. முதல் நாள்கூட மாடிப்படியில் ஓடி விளையாடினவன்.

அந்தக் கிழமையே நலமடித்தோம். பிறகு ஒன்பது வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தேன். மூன்று பேர் கோபித்தார்கள், அவர்கள் கோபித்தது நியாயம். எட்டு வீட்டுக்காரர் ஸ்கானுக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகாத ஒரு வீட்டிலிருந்து இரண்டு வருடம் கழித்து அதிகாலை நாலரைக்கு அழைப்பு வந்தது. இரத்தக்கட்டி அடைத்து இரண்டு பின்னங்காலும் குளிர்ந்து இழுபட்டு, பூனை கதறுகிறது. அந்தச் சத்தம் தொலைபேசியிலேயே கேட்டது. விடியுமுன் அவளை ஊசி போட்டு நிரந்தரமாக நித்திரையாக்கிவிட்டார்கள்.

நடுவர் கையில் இருக்கிறது நாலைந்து நிமிடம். தலை வடிவம், கண்ணின் வட்டம், எலும்பு, உரோமம், வால் நுனி, குணம் எல்லாம் பார்க்கலாம், இதயச் சுவரைப் பார்க்க முடியாது. ஆகவே ரிபனைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், பிறகு தாய் தகப்பன் இரண்டு பேருடைய ஸ்கான் அறிக்கையையும் கேளுங்கள். அதில் திகதி இருக்க வேண்டும், மைக்ரோசிப் எண் பூனையின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும், இதய நிபுணரின் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு முந்தியது என்றால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். "டொக்டர் பார்த்தவர், ஓகே" என்பது பதில் இல்லை. மெயின் கூன் பூனைக்கான மரபணு அறிக்கையைக் காட்டி "இதயம் சுத்தம்" என்பார்கள். அந்தப் பிறழ்வு வேறு இனத்துக்குரியது, சைபீரியனுக்கு அது ஒன்றையும் நிரூபிக்காது.

இன்னொன்று, அந்த கிராண்ட் சாம்பியனுக்கு இதுவரை எத்தனை ஈறு என்று கேளுங்கள். வென்ற கடுவனையே எல்லாரும் தேடிப் போனால் நாலு தலைமுறையில் எல்லாக் குட்டியும் ஒன்றுக்கொன்று சகோதரம். மறைந்திருந்த நோய்கள் அப்போதுதான் வெளியே வரும்.

சென்னை வெயிலில் சைபீரியன் வளர்க்கலாமா? இங்கே ஒருவர் விற்கிறார்.
– வாசகர், சென்னை

மூன்று அடுக்கு உரோமம் உள்ள பூனை. குளிர்காலத்தில் மேல்முடி தண்ணீரை உள்ளே விடாது, அடியில் பஞ்சு போல் அடர்ந்திருக்கும். பனிக்கென்று அமைந்த உடம்பு அது. இரவும் பகலும் ஏசி ஓடுகிற வீட்டில் உயிரோடு இருக்கும், ஆனால் மின்சாரம் நின்ற மே மாத மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். வேண்டாம் தம்பி. காட்சிதான் ஆசை என்றால், டிக்காவில் வம்சப் பத்திரம் இல்லாத வீட்டுப் பூனைக்கும் தனிப் பிரிவு உண்டு. தெருவில் பிறந்த பூனையையும் நடுவர் அதே அக்கறையோடு தூக்கிப் பார்ப்பார்.

எனக்கு 13 வயது. எங்கள் சாஷாவுக்கு ஐந்து மாதம், நலமடித்தாயிற்று. முதல் காட்சிக்குக் கொண்டுபோகப் போகிறேன். என்ன செய்ய வேண்டும் ஆன்ரி?
– வாசகி, மார்க்கம்

வடிவான கேள்வி பிள்ளை. நாலு மாதம் முதல் எட்டு மாதம்வரை குட்டிப் பிரிவு. நலமடித்தவர்களுக்கு எட்டு மாதத்துக்குப் பிறகும் தனிப் பிரிவு இருக்கிறது, அதனால் சாஷா வாழ்நாள் முழுக்கப் போகலாம்.

நாங்கள் மூன்று நாள் முன்பே குளிப்பாட்டுவோம். கழுவின உடனே முடி பஞ்சு மாதிரி நிற்கும், இரண்டு நாள் போனால்தான் மேல்முடி தன்பாட்டுக்கு விழும். அடிமுடியைச் சீப்பால் இழுத்து எடுத்துவிடாதே. முந்தின நாள் இரவு பதினெட்டு விரல்களையும் பார்த்து நகம் வெட்டு. பூனைக்கு முன்னங்காலில் ஐந்து ஐந்து, பின்னங்காலில் நாலு நாலுதான், எண்ணிப் பார். நகம் வெட்டாமல் வந்தால் நடுவர் தொடமாட்டார்.

மண்டபத்தில் உனக்கு ஒரு கூடு தருவார்கள். உள்ளே திரை கட்டி, சாஷா படுக்கிற பழைய துணியை வை. கழுவாத துணி, வீட்டு வாசம் இருக்க வேண்டும். சாஷாவின் எண்ணைக் கூப்பிட்டதும் அவனை ரிங் எனப்படும் நடுவரின் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அதே எண்ணுள்ள கூட்டில் விட்டுவிட்டுப் பின்னால் கதிரையில் இரு. நடுவர் மேசையில் வைத்துப் பார்ப்பார், இறகுக் குச்சியை ஆட்டுவார். நீ பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒரே நாளில் பல ரிங் இருக்கும். ஒரு நடுவர் முதலாவதாக வைத்த பூனையை அடுத்தவர் பத்துக்குள்கூட எடுக்காமல் விடலாம், ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்ப்பு சொல்கிறார்கள்.

சாஷா காதை மடித்து, கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கினால் "இன்றைக்குப் போதும்" என்று மேசையில் இருக்கிற எழுத்தரிடம் போய்ச் சொல்லு. யாரும் ஏசமாட்டார்கள். இரண்டாவது காட்சியிலும் அப்படியே நடுங்கினால், அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோரத்தில் விடு. நீ மட்டும் அடுத்த காட்சிக்கு வா, எங்கள் பூனைகளைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்குப் போக எனக்கு ஒரு ஆள் வேண்டும்.