அழைத்தது நிஜமாகவே வங்கிதானா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். திரையில் வங்கியின் நம்பரே தெரிந்தது. என் பெயர், கார்டின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் சரியாகச் சொன்னார். ஓடிபி கேட்டதும் சந்தேகப்பட்டு வைத்துவிட்டேன். ஒருவேளை நிஜமாகவே வங்கியாக இருந்தால்?

பதில்: வைத்ததுதான் சரி. நிஜ வங்கியாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நீங்களே அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடப் போகிறது.

திரையில் தெரியும் நம்பரை நம்பவே கூடாது. இணையம் வழியாக அழைக்கும்போது எந்த நம்பர் தெரிய வேண்டும் என்பதை அழைப்பவரே நிரப்பிக்கொள்ள வழி இருக்கிறது. பெயரும் கடைசி நான்கு எண்களும் ரகசியம் அல்ல. ரசீதில் அச்சாகின்றன, கசிந்த வாடிக்கையாளர் பட்டியல்களில் மொத்தமாகக் கைமாறுகின்றன. நான்கு விவரங்களை அவர் சரியாகச் சொன்னதும் ஐந்தாவதை நாமே சொல்லிவிடுகிறோம். அவருக்கு வேண்டியது அந்த ஐந்தாவதுதான்.

ஓடிபி கேட்கும் நேரத்தில் அவர் எதிரில் உங்கள் கணக்கின் லாகின் பக்கமோ, பணம் செலுத்தும் பக்கமோ திறந்திருக்கும். அவர் பொத்தானை அழுத்தியதால்தான் உங்களுக்கு மெசேஜ் வருகிறது. அனுப்புவது வங்கியின் கணினி, ஆகவே மெசேஜ் அசல். அதை முழுதாகப் படியுங்கள். ‘உங்கள் பணத்தைத் திருப்பிப் போடுகிறேன்’ என்று அவர் காதில் சொல்லிக்கொண்டிருக்க, மெசேஜில் ‘பணம் செலுத்த’ என்றோ ‘புதிய சாதனத்தைப் பதிவு செய்ய’ என்றோ இருக்கும். ஆறு எண்களை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் கணக்குக்குப் பணம் வந்து சேர ஓடிபியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

திரும்ப அழைக்கக் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் நம்பரைப் பாருங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். மேலே வரும் விளம்பரமே மோசடிக்காரர் போட்டதாக இருக்கலாம். முதலில் வந்த அழைப்பு தரைவழி போனில் என்றால், வேறு போனிலிருந்து அழைப்பது நல்லது. சில இணைப்புகளில் எதிர்முனை வைக்காதவரை லைன் துண்டிக்காது. நீங்கள் புதிதாக டயல் செய்ததாக நினைப்பீர்கள், அந்தப் பக்கம் அதே ஆள் காத்திருப்பார்.

கேள்வி: லிங்க் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாமா?

பதில்: முகவரியில் ‘//’ குறிக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். ‘என்பேங்க்.காம்.செக்-லாகின்.இன்ஃபோ/’ என்று இருந்தால் தளத்தின் பெயர் ‘செக்-லாகின்.இன்ஃபோ’. முன்னால் நிற்கும் ‘என்பேங்க்.காம்’ வெறும் ஒட்டு. அதில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். போன் திரை சிறியது, இடப்பக்கம் மட்டும்தான் கண்ணில் படும். அதனால்தான் அங்கே ஒட்டுகிறார்கள்.

பூட்டுச் சின்னம் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. போலித் தளத்துக்கும் அதை எளிதாக வாங்கலாம். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் செயலி (பாஸ்வேர்டு மேனேஜர்) வைத்திருந்தால் அது நல்ல காவலாளி: தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தானாக நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் நீங்களும் கையால் நிரப்பாதீர்கள்.

கேள்வி: கஸ்டமர் கேர் என்று சொன்னவர் பேச்சைக் கேட்டு ஒரு செயலியை ஏற்றிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் போனில் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் உடனே அணையுங்கள். அந்தச் செயலி வழியாக அவர் உங்கள் திரையைப் பார்ப்பது அத்தோடு நிற்கும். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து, இணைய வங்கிச் சேவையையும் கார்டையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுவதும் வேறு கருவியில்தான். முதலில் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வருகிறது.

செயலியை நீக்கப் போனால் சில நேரம் நீங்காது. ஆண்ட்ராய்டில் ‘அணுகல்தன்மை’, ‘சாதன நிர்வாகி’ அனுமதிகளை அது வாங்கி வைத்திருக்கும். முதல் அனுமதி இருந்தால் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும். செட்டிங்ஸில் இரண்டையும் ரத்து செய்துவிட்டு நீக்குங்கள். அதற்கும் விடாவிட்டால், நீங்கள் ஏற்றிய செயலிகள் இயங்காத சேஃப் மோடில் போனைத் திறந்து முயலுங்கள். கடைசி வழி, போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும் ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் புகாருக்கு வேண்டிய மெசேஜ்களையும் நம்பர்களையும் வேறு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் குரலில் அழுதபடி அழைத்துப் பணம் கேட்கிறார்களாமே?

பதில்: ஆம். சமூக ஊடகத்தில் கிடைக்கும் சில நொடிப் பேச்சை வைத்தே குரலை நகலெடுக்க முடிகிறது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிய நம்பிக்கையில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்த முகங்களும் குரல்களும் போலி. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசிய வார்த்தையை இன்றே நேரில் பேசி முடிவு செய்யுங்கள். எங்கும் எழுதி அனுப்ப வேண்டாம். அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, நீங்கள் சேமித்து வைத்திருக்கும் நம்பரில் பிள்ளையை அழையுங்கள்.

கேள்வி: முதலீட்டுச் செயலியில் லாபம் ஏறுகிறது. ஒருமுறை சிறு தொகை எடுத்தும் பார்த்தேன். இப்போது முழுப் பணத்தையும் எடுக்க முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: ஒரு காசும் கட்டாதீர்கள். வரி அரசுக்குப் போவது. செயலிக்காரர் சொல்லும் தனிநபர் கணக்குக்கு அல்ல. நிஜமாகவே கட்டணம் இருந்தால், உங்கள் இருப்பிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தரட்டும். அதைக் கேட்டுப் பாருங்கள், மறுப்பார்கள், ஏனென்றால் இருப்பே கிடையாது. நீங்கள் பார்ப்பது அவர்கள் திரையில் எழுதிய எண்.

முதலில் திரும்பக் கிடைத்த சிறு தொகைதான் தூண்டில். இது பழைய வழி. 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். முன்னால் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கையில் பணம் வாங்கியவர்களே ஊரெல்லாம் நல்ல வார்த்தை சொன்னார்கள்.

வங்கிக்கும் காவல்துறைக்கும் இன்றே சொல்லுங்கள். அனுப்பிய பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் மடக்க வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தாலே கடினமாகிவிடும். வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தால் அந்த அவகாசம் அவர்களுக்குத்தான் லாபம். இன்னொன்று: சில வாரத்தில் ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்’ என்று வக்கீலோ அதிகாரியோ போல ஒருவர் அழைக்கக்கூடும். நீங்கள் ஏமாந்த விவரம் அவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் ஏமாற்றியவர்களே, அல்லது அவர்களிடம் பட்டியல் வாங்கியவர்கள். அந்த நம்பரையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.