அடுத்த யூடி எப்போ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பொன்னியின் செல்வன் ரசிகர் குழு ஒன்றில் பூங்குழலியை வைத்து ஒரு தொடர் எழுதுகிறேன், கோடிக்கரையில் படகு ஓட்டியவள் சோழ ராணியான பிறகு என்ன ஆனாள் என்று. மாதத்தில் பாதி நாள் மூச்சுவிட நேரமில்லை. குழுவில் தினமும் "அடுத்த யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்) எப்போ?" என்று பாசமாகத்தான் கேட்கிறார்கள், ஆனாலும் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ராத்திரி எழுத உட்கார்ந்தால் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று விவாதம் ஓடும். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி ஒரு பதில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மணி பன்னிரண்டு. வேலையை விடுவதா, கதையை விடுவதா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: இரண்டையும் விடாதீர்கள் தங்கச்சி. மாதச் சம்பளம் வருகிறது, அதனால்தான் பூங்குழலியை உங்கள் மனசுப்படி எழுத முடிகிறது. வீட்டு வாடகையையும் அவள்தான் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டால், வாசகர்கள் கேட்கிற காதல் காட்சியைத்தான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் மாதம் எனக்குத் தெரிந்த மாதம்தான். 7ஆம் தேதி டிடிஎஸ் வரி கட்டுவது, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், செப்டம்பர் வந்தால் வரித் தணிக்கை வேறு. ஆக 20 வரைக்கும் புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டாம். 19ஆம் தேதி ராத்திரி கணக்கு டேலி ஆகாத எரிச்சலோடு உட்கார்ந்து எழுதிய அத்தியாயத்தைப் படித்தாலே தெரிந்துவிடும்: எல்லோரும் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் எங்கேயும் போக மாட்டார்கள், காற்றுகூட அடிக்காது. 21லிருந்து மாதக் கடைசி வரை எழுதுங்கள். இரண்டு அத்தியாயம் கையிருப்பு சேர்ந்த பிறகு, மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்தான் யூடி என்று குழுவில் சொல்லிவிடுங்கள். எப்போது வரும் என்றே தெரியாததால்தான் தினமும் கேட்கிறார்கள். கல்கி 1950லிருந்து 1954 வரை பத்திரிகையையும் நடத்திக்கொண்டு வாரா வாரம் பொன்னியின் செல்வனை எழுதினார், ஜனங்கள் அத்தனை வருஷமும் காத்திருந்துதான் படித்தார்கள். ஆனால் கல்கியின் வேலையே பத்திரிகைதான், உங்கள் வேலை ஜிஎஸ்டி, அதனால் வாரம் ஒன்று என்று நீங்கள் வாக்குக் கொடுக்கவே கூடாது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், உண்மையில் கதையைத் தின்கிறது அலுவலகம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அலுவலகம் எடுக்கும் நேரம் முன்கூட்டியே தெரிந்த நேரம். குழு எடுப்பதோ, நீங்கள் எழுத என்று ஒதுக்கிய அதே ஒரு மணி நேரத்தை. அதைவிட முக்கியம், கதைக்காக மனசில் சேர்த்து வைத்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. பூங்குழலி தஞ்சை அரண்மனையில் கடலை நினைத்து எப்படித் தவித்திருப்பாள் என்று குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டு, பத்துப் பேர் இதயம் அனுப்பிவிட்டால், அதை மறுபடி கதையில் எழுத உள்ளுக்குள் ஒன்றும் மிச்சம் இருக்காது. விவாதம் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் கதையின் மேல் இவ்வளவு ஆசை உங்களுக்கு வந்ததே அந்த ஜனங்களோடு பேசித்தானே? எழுதுகிற நாட்களில் முதலில் எழுதுங்கள், அப்புறம் குழுவைத் திறங்கள், அவ்வளவுதான். கரிகாலன் விவாதம் எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் சொன்ன அந்தக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரைச் சொல்கிறது, ஆனால் அவர்களை யாராவது ஏவினார்களா என்று சொல்வதில்லை, அதனால் அடுத்த மாதமும் அதே சண்டை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் துரோகிகளில் ஒருவனான ரவிதாசனைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதை அத்தியாயத்தில் வையுங்கள், குழுவுக்கு அங்கேயே பதில் கிடைக்கட்டும்.

இதையெல்லாம் "சும்மா ஃபேன் ஃபிக்‌ஷன்தானே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கதை முடிந்த பிறகும் அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள், கல்கியே முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தாளர் விக்கிரமன், அமுதசுரபி பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்துகொண்டே, கல்கி விட்ட இடத்திலிருந்து நந்திபுரத்து நாயகி நாவலை எழுதினார். நீங்கள் எழுதுவதும் அந்த வழியில் வருகிற கதைதான்.

கேள்வி: ஐடி கம்பெனியில் இருக்கிறேன். புனைபெயரில் இதேபோல் எழுதுகிற தொடரைப் புத்தகமாகப் போட்டு விற்றால் ஏதாவது சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கல்கி 1954இல் காலமானார். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டு வரைதான் காப்புரிமை, அது 2014 முடிவோடு தீர்ந்துவிட்டது, அதனால் அவருடைய பாத்திரங்களை வைத்து எழுதி விற்கலாம். சினிமாவில் புதிதாகச் சேர்த்த வசனம், காட்சி, அட்டைக்கு நடிகர்களின் படம், இதிலெல்லாம் கை வைக்காதீர்கள்.

அலுவலகம் வேறு விஷயம். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலை பற்றியும், நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஹெச்ஆருக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு பத்திகூட அடிக்க வேண்டாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகளே, பணிக்குக் குந்தகம் வராமல் அவ்வப்போது இலக்கிய வேலை செய்ய இடம் தருகின்றன, தனியாரில் அப்படிப் பொதுவிதி கிடையாது. சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு மனைவி பெயரில் எழுதினார், நமக்கெல்லாம் தெரியும். ஆனால் புனைபெயர் வைத்துக்கொண்டதால் மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது.

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து பீச் வரை தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறேன், நேரமெல்லாம் அதிலேயே போகிறது. எப்போது எழுதுவது?
– ஒரு வாசகி

பதில்: ரயிலிலேயே எழுதுங்கள். இங்கிலாந்தில் அஞ்சல் துறை அதிகாரியாக ஊர் ஊராகப் போன நாவலாசிரியர் அந்தோணி ட்ரொலோப், ஒரு சின்னப் பலகையை வைத்துக்கொண்டு ரயில் பெட்டியில் பென்சிலால் எழுதுவார், பிறகு அவர் மனைவி அதைப் படியெடுத்துத் தருவார். உங்களுக்குப் போன் போதும். சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டே வருவதால் வசனம் அங்கே நன்றாக வரும், வர்ணனையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்துக்கு அப்புறம் கூட்டம் நெருக்கி, கையைத் தூக்கக்கூட இடமில்லாத நாளில் எழுத முயற்சி செய்யாமல், நேற்று எழுதியதைப் படித்து, வேண்டாத வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.