ஹனோய் சா கா கடையில இறால் சாஸ் வாடை தாங்கலைன்னா

ஹனோய்ல சா கா, அதாவது மஞ்சள் மசாலாவுல ஊற வச்சு மேசையிலேயே சட்டியில சூடாக்கித் தர்ற மீன், சாப்பிட்டப்போ இறால் சாஸ் குமட்டுச்சு, மீனும் சப்புன்னு இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. அந்த இறால் சாஸ், மாம் தோம், ஒத்துக்கலைன்னா நுவோக் மாம் கேளுங்க, அந்த மீன் சாஸை பழைய சா கா கடைகள்லயும் குடுப்பாங்க, கேக்கிறதுல தப்பே இல்ல.

ஆனா நீங்க எழுதினதைப் பாத்தா கிண்ணத்துல வந்ததை அப்படியே தொட்டு சாப்பிட்டிருக்கீங்க போல, அதான் குமட்டியிருக்கு. அது புளிக்க வச்ச இறால் விழுது. அடுத்த தடவை எலுமிச்சை பிழிஞ்சு சர்க்கரை, மிளகாய் போட்டு நுரை வர்ற வரைக்கும் சாப்ஸ்டிக்கால நல்லா அடிங்க, மேசையில இருக்கிற சட்டியிலேர்ந்து ஒரு ஸ்பூன் சூடான எண்ணெய் விட்டு ஒரு துளி நாக்குல வச்சுப் பாருங்க, வாடை நல்லாவே அடங்கியிருக்கும்.

மீன் சப்புன்னு இருந்துச்சுன்னீங்களே, தனியா தின்னா அப்படித்தான். சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் சட்டியில அள்ளிப் போட்டு லேசா வதங்கினதும் எடுத்துடணும், கிண்ணத்துல அரிசி சேமியா, மேல மீன், கீரை, வறுத்த வேர்க்கடலை, சாஸ் எல்லாம் ஒரே வாய்ல போகணும், மஞ்சளும் அந்தக் கீரை வாசமும் சேர்றதுதான் சா காவே!

இறால் அலர்ஜி இருந்தா சாஸை மட்டும் மாத்தினா பத்தாது, மீனை ஊற வைக்கிற மஞ்சள், சித்தரத்தை மசாலாவுலயே மாம் தோம் சேக்கிறது உண்டு, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.